அந்நிய பாஷையில் தண்ணீர்

கள்ளிக்குப்பத்தில் பால்ராஜின் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் பால்ராஜுக்கு என்று ஓர் இடம் உண்டு. வாசற்படியை ஒட்டி, செருப்புகள் கிடக்கும் மூலை. வீட்டு வரி ரசீது அவர் பேரில்தான் வருகிறது, கரண்ட் பில்லும் அவர் பேரில்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை மட்டும் அவர் தன் வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனக்காரர் போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்.

அந்த வீட்டில் ஒருவருடைய விசுவாசத்தை ஃபேனிலிருந்து அவர் உட்காரும் தூரத்தை வைத்து அளந்துவிடலாம். பாஸ்டர் ஜோஸ் ஃபேனுக்கு நேர் கீழே. அடுத்தது எதிர்வீட்டுத் தாயம்மா. அவருக்கு மைக் தேவையில்லை. இங்கே ஸ்தோத்திரம் சொன்னால் கொரட்டூரில் தண்டவாளம் தாண்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள். அதற்குப் பிறகு பால்ராஜின் மனைவி ஞானகுமாரி. கடைசியில், காற்று வந்து சேராத இடத்தில், பால்ராஜ். கூட்டத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் வெதுவெதுப்பு. சூடும் இல்லை, சில்லிப்பும் இல்லை என்று பொருள். கூட்டம் முடிந்ததும் வரும் சமோசாவுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அது அபாண்டம் என்று சொல்ல பால்ராஜுக்கு வாய் வரவில்லை, வாயில் சமோசா இருந்ததால்.

ஞானகுமாரிக்கு இதில் பெரிய மனக்குறை. கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷன் ஒரு தடவையாவது கண்ணை மூடி, கையை உயர்த்தி, உருகி ஜெபிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஜெபம். பால்ராஜும் கண்ணை மூடுவார். மூடினால் குறட்டை வரும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். ஆயிரம் வால்வில் ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஓரம் தள்ளிவிடுவார். அன்றைக்கு வேலை முடிந்து, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஸ்ட்ராங்காக இரண்டு டீ அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. ஷூவைக் கழற்றக் குனிந்தார். நெஞ்சுக்குள் யாரோ ஸ்விட்சைப் போட்டார்கள்.

படபடப்பு என்றால் அதுவரை அவருக்குத் தெரிந்த படபடப்பு மேனேஜர் கூப்பிடும்போது வருவது. அது மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். இது அப்படி இல்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சம். இதயம் மார்பில் அடிக்கவில்லை, கழுத்தில் அடித்தது. எண்ணிப் பார்க்கலாம் என்று மணிக்கட்டைத் தொட்டால் எண்ணுவதற்கு ஒன்றும் தனித்தனியாக இல்லை, ஒரே நடுக்கமாக இருந்தது. வியர்வை ஊற்றியது. கை ஆடியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தவர் முட்டி மடங்கி, அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தவர்களுக்கு அவர் முழங்கால்படியிட்டார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது ஒரு டம்ளர் கொண்டுவாருங்கள் என்று சொல்லப் பார்த்தார். முழு வாக்கியம் வரவில்லை. ஒரு சொல்லாவது சொல்லிவிட முயன்றார்.

"த... த... தண்... த..."

பாட்டு நின்றது. தாயம்மா திரும்பிப் பார்த்தார்.

"பாஷை வந்துருச்சு," என்றார் தாயம்மா. "பிரதருக்கு அந்நிய பாஷை வந்துருச்சு. ஸ்தோத்திரம்."

பரிசுத்த ஆவி இறங்கியவர் நாக்கில் ஒருவருக்கும் புரியாத பாஷை வரும் என்பது கூட்டத்தின் நம்பிக்கை. அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது பால்ராஜுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கைதட்டல். அழுகை. யாரோ ஃபேனை ஐந்தில் வைத்தார்கள். பாஸ்டர் ஜோஸ் வந்து தன் கனத்த கையை அவர் உச்சந்தலையில் வைத்து அழுத்தி ஜெபித்தார். தரையில் குப்புற விழுந்துவிடக் கூடாது என்று பால்ராஜ் மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, காலைக்கடன் வராத நாளில் முக்குவதுபோல முக்கினார். நெஞ்சில் ஒரு தட்டு. ஸ்விட்ச் அணைந்தது. எல்லாம் பழையபடி.

அந்த நிம்மதியில் அவர் சிரித்துவிட்டார். வியர்வையில் முகம் பளபளத்தது. "முகத்தப் பாருங்க, எப்டி பிரகாசிக்குது," என்றார் தாயம்மா.

விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பால்ராஜ் வாயைத் திறந்தார். இதை யாரிடம் வேண்டுமானாலும் அவர் சத்தியம் செய்து சொல்வார். ஆனால் ஞானகுமாரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. சமோசாத் தட்டை எடுத்துவந்து, பாஸ்டருக்கு நீட்டுவதற்கு முன்னால் அவருக்கு நீட்டினாள்.

பால்ராஜ் வாயை மூடிக்கொண்டார். சரியாகச் சொன்னால், சமோசாவை வைத்து மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருடைய நாற்காலி ஃபேனுக்கு அடியில் போடப்பட்டிருந்தது. உட்கார்ந்தார். காற்று நன்றாக வந்தது, அது மட்டும்தான் வந்தது. எல்லாரும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானகுமாரி பார்த்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரி பரிசோதகர் புத்தி வேலை செய்தது. போன வாரம் இருந்தது எது, இந்த வாரம் இல்லாதது எது? டீ. இந்த வாரம் பஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் டீக்கடையில் நிற்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு ஸ்ட்ராங் டீ, சர்க்கரை தூக்கலாக. வாசலில் ஷூவைக் கழற்ற வேகமாகக் குனிந்தார். வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருவன் பொய் சொல்வதற்கு நாக்கை உபயோகிப்பான், பேனாவை உபயோகிப்பான். தன் சொந்த இதயத்தை உபயோகித்துப் பொய் சொன்ன முட்டாள் அந்தப் பிராந்தியத்திலேயே பால்ராஜ் ஒருவர்தான். அது எல்லா வாரமும் வராது. வராத வாரம் மௌன ஜெபம் என்று சொல்லிச் சமாளித்தார். வந்த வாரம் பக்கத்துத் தெருக்காரர்கள் அடுத்த வாரத்துக்கு ஆள் கூட்டிவந்தார்கள். பரீட்சை ஹால் டிக்கெட்டை நீட்டினார்கள், விசாவுக்கு ஜெபிக்கச் சொன்னார்கள், முட்டிவலிக்குக் கை வைக்கச் சொன்னார்கள். அவரும் வைத்தார். போகப் போக, ஒருவேளை உண்மையாகவே நமக்கு ஏதோ இருக்கிறதோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இருந்தது உண்மைதான். என்ன இருந்தது என்பதில்தான் தப்பு.

கம்பெனியில் ஒரு தடவை கேன்டீனில் வந்தது. டிஸ்பாட்ச் பிரிவு கலீல் ரகுமான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்காரர், பால்ராஜின் நெடுநாள் கூட்டாளி. அவர் எழுந்து வந்து பால்ராஜின் கழுத்தைப் பார்த்தார். நரம்பு துடிப்பது வெளியே தெரிந்தது.

"இன்னா மாமே, கழுத்துல தவளை கீற மாதிரி குதிக்குது?"

"வாயு."

"வாயு இப்டி ஓடாது. இது வர்ற நேரத்துல போய் ஈசிஜி எடு. நின்னப்புறம் எடுத்தா ஒண்ணும் தெரியாதுன்னு எங்க மச்சானுக்குச் சொன்னாங்க."

பால்ராஜ் ஒரு ஜீரா சோடா வாங்கிக் குடித்தார். ஒரே படபடப்புக்குக் கம்பெனியில் வாயு என்று பேர், வீட்டில் ஆவியின் அபிஷேகம் என்று பேர். டாக்டரிடம் போனால் அவர் மூன்றாவதாக ஒரு பேர் வைப்பார். அந்தப் பேர் பால்ராஜுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஞானகுமாரியின் கண்ணில் இருக்கும் அந்த வெளிச்சம் அணைந்துவிடும். மயிரிழை விரிசலுக்கு வால்வைத் தூக்கி எறிகிற மனிதர் தன் நெஞ்சை மட்டும் பரிசோதிக்காமலே பாஸ் போட்டு அனுப்பினார்.

புகழ் பூந்தமல்லி வரை போயிற்று. ஞானகுமாரியின் உறவில் ஒருவர் அங்கே புது வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபத்துக்குப் பால்ராஜையே கூப்பிட்டுவிட்டார். பாஸ்டரை அல்ல, பால்ராஜை. ஞானகுமாரி பட்டுப்புடவை கட்டினாள். அவளை டூவீலரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பால்ராஜ் வழக்கமான கடையில் வண்டியை நிறுத்தி இரண்டு டீ குடித்தார். பெரிய இடத்துக்குப் போகிறோம், வராமல் போய்விட்டால் மானம் போய்விடும் என்று மூன்றாவதும் குடித்தார். "ஜெபத்துக்கு முன்னாடி தொண்டைய நனைச்சிக்கிறாரு," என்று ஞானகுமாரி டீக்கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆவடியில் திரும்பி, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, சென்னீர்குப்பம் வரை ஒன்றும் இல்லை. பூந்தமல்லியை நெருங்கும்போது மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியிருந்தார்கள். இடது பக்கம் தகரத் தடுப்பு, வலது பக்கம் லாரி. அங்கே ஸ்விட்ச் விழுந்தது.

இதுவரை உட்கார்ந்த இடத்தில்தான் வந்திருக்கிறது. வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. சாலையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. லாரியின் சத்தம் தூரமாகப் போயிற்று. கை ஹாண்டில்பாரில் இருப்பது தெரிந்தது, ஆனால் அது யாருடைய கையோ போல இருந்தது. பின்னால் இருக்கிறவளை முதலில் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது மட்டும் மூளைக்கு எட்டியது. பிரேக்கை அழுத்திக்கொண்டே சொன்னார்.

"இறங்கு."

ஞானகுமாரி அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தோள் நடுங்கியது. இந்த அடையாளங்கள் அவளுக்குப் பழக்கம்.

"இறங்கு... இறங்கு..." என்றார் பால்ராஜ்.

"இறங்கும் அப்பா," என்றாள் ஞானகுமாரி. கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையை அவர் இடுப்பிலிருந்து எடுத்து மேலே உயர்த்தினாள். "ஆவியானவரே, இறங்கும். இவர் மேல இறங்கும்."

வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டிருந்தது. அதுதான் இருவருக்கும் ஆயுள். பால்ராஜுக்குக் கண் முழுக்க இருட்டியபோது அது இடது பக்கம் சாய்ந்து, தடுப்புக்குக் கீழே கொட்டியிருந்த மணல்மேல் விழுந்தது. லாரி அவர்களைக் கடந்து போயிற்று. ஞானகுமாரி விழும்போது உயர்த்தியிருந்த அந்தக் கையைத்தான் ஊன்றினாள்.

கண் விழித்தபோது பால்ராஜின் தலைக்கு மேலே ஒரு ஷேர் ஆட்டோக்காரரின் முகம் இருந்தது. நெஞ்சு இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்... தண்ணி..."

"போட்டது பத்தாதா நைனா?" என்றார் ஆட்டோக்காரர். "பகல்லயே தண்ணி போட்டுகினு, பின்னாடி சம்சாரத்த வேற குந்த வச்சிகினு வந்துகிறே. ஊடு போய்ச் சேர வாணாம்?"

படபடப்புக்கு நடுவே முதல் தடவையாக அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னார், அதுவும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அந்த மனிதர் வாயால் திட்டிக்கொண்டே இருவரையும் தூக்கித் தன் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் போனார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஹிபா. இளம் வயது. பால்ராஜின் மார்பில் ஒயர்களை ஒட்டி, மிஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்தார். கலீல் சொன்னது சரி, ஓடும்போதே பிடித்துவிட்டார்கள். டாக்டர் ஒரு காலி சிரிஞ்சைப் பால்ராஜின் வாயில் கொடுத்தார்.

"சார், இதுக்குள்ள இருக்கற தண்டு நகர்ற மாதிரி ஊதுங்க. டாய்லெட்ல முக்குவீங்கல்ல, அந்த மாதிரி. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

ஊரெல்லாம் தலையில் கை வைத்து ஜெபித்த பிரதர் பால்ராஜ், நர்ஸுகளும் அடுத்த கட்டில்காரரும் பார்த்திருக்க, சிரிஞ்சை ஊதிக்கொண்டு முக்கினார். உடனே படுக்கவைத்துக் கால் இரண்டையும் ஒரு ஊழியர் உயரத் தூக்கிப் பிடித்தார். வேட்டி கட்டி வராதது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கிருபை. படபடப்பு நிற்கவில்லை.

"சரி, ஊசி போடணும். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, இது முன்னாடி வந்திருக்கா? ஆஸ்துமா இருக்கா? மயங்கி விழுந்திருக்கீங்களா?"

ஞானகுமாரி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது, எக்ஸ்ரேக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம். அவள் முந்திக்கொண்டாள்.

"இது வியாதி இல்ல டாக்டர். இவருக்கு அபிஷேகம். ஜெபம் பண்ணும்போதுதான் வரும்."

டாக்டர் ஹிபா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பால்ராஜுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஞானகுமாரியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, பால்ராஜிடம் திரும்பினார்.

"சார், ஜெபத்தப்போ மட்டும்தானா? வேற நேரத்துலயும் வருமா? இதுல நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் அடுத்தது முடிவு பண்ணணும். பெரும்பாலும் இது உயிருக்கு ஆபத்தில்லாத வகைதான். ஆனா இதயம் இவ்ளோ வேகமா அடிச்சா, அடிக்கறதுக்கு நடுவுல ரத்தம் நிரம்ப நேரமே கிடைக்காது. மூளைக்குப் போறது குறையும். மயக்கம் வரும். மணிக்கணக்கா நிக்காம ஓடினா இதயமே தளர்ந்துபோகும். நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா, மயங்கினா ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. முதல் தடவைன்னு சொன்னீங்கன்னா மாத்திரை எழுதி அனுப்பிடுவேன். அடிக்கடி வருதுன்னா கதை வேற."

பால்ராஜ் ஞானகுமாரியைப் பார்த்தார். புடவையில் மணல் ஒட்டியிருந்தது. கைவலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் புருஷனைப் பற்றி டாக்டர் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவை என்று சொன்னால் போதும். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அடுத்த தடவையும் வண்டியில் அவள்தான் பின்னால் இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்திக்கொண்டு.

"அடிக்கடி வரும் டாக்டர்," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "கம்பெனியிலயும் வரும். ஸ்ட்ராங்கா டீ குடிச்சிட்டுக் குனிஞ்சா வரும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி குடிப்பேன். வரணும்னுதான் குடிப்பேன். இன்னிக்கு மூணு குடிச்சேன்."

"பாஷை?" என்றாள் ஞானகுமாரி.

"தண்ணி கேட்டேன், ஞானம்."

 அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் கை கழுவும் முறை படமாக ஒட்டியிருந்தது. அதை முழுக்கப் படித்தாள்.

"ஊசி போட்டதும் ஒரு சில செகண்ட் ரொம்ப மோசமா இருக்கும் சார்," என்றார் டாக்டர். "உள்ள எல்லாம் நின்னுட்ட மாதிரி. பயப்படாதீங்க, திரும்பி வந்துடும்."

பால்ராஜ் மனைவியின் பக்கம் கையை நீட்டினார். அவள் எழுந்து எக்ஸ்ரேக்குப் போய்விட்டாள். மருந்து ஏறியது. மார்பில் ஒரு பெரிய வெறுமை திறந்தது, அதில் அவர் விழுந்துகொண்டே இருந்தார். ஏசப்பா, அவள் கை சரியாகிவிட வேண்டும் என்று கேட்டார். சுத்தமான தமிழில், ஒரு சொல் பிசகாமல். கண்மூடி உருகி அவர் செய்த முதல் ஜெபம் அது, கேட்க வேண்டியவள் எக்ஸ்ரே அறை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்விட்ச் அணைந்தது.

டாக்டர் ஹிபா பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தில் கரண்ட் போக ஒரே வழிதான் இருக்க வேண்டும். பால்ராஜுக்குப் பிறந்ததிலிருந்தே கூடுதலாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. கரண்ட் அதில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. குறுக்குவழி என்றதும் பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் இதயத்தைத்தான் சொன்னார். மயங்கி விழுந்ததாலும் அடிக்கடி வருவதாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அந்த வழியைச் சுட்டு அடைத்தார்கள். அது முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது, டீயையும் தொடக் கூடாது என்று உத்தரவு.

ஞானகுமாரிக்கு வலது கையில் மாவுக்கட்டு. அவள் பால்ராஜோடு சண்டை போடவில்லை. பேசவே இல்லை. சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னாள். மாத்திரை போட்டாச்சா என்று குக்கரிடம் கேட்டாள். பால்ராஜும் போட்டாச்சு என்று குக்கரிடமே பதில் சொன்னார். குக்கர் அந்த வீட்டில் மரியாதையான இடத்துக்கு வந்துவிட்டது. கூட்டத்தாரிடம் அவள் வண்டியிலிருந்து விழுந்துவிட்டோம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். மற்றதைச் சொல்ல அவளுக்கு எப்படி மனம் வரும்? அவளும்தானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தாயம்மா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். ஞானகுமாரி கடைக்குப் போயிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிக்காத. நீ என் தலையில கை வச்சதுலருந்து எனக்கும் அப்டியே வருது. பாட்டு பாடச்சொல்லோ நெஞ்சு திடுதிடுன்னு ஓடுது. ஒன்ன மாதிரியே."

பால்ராஜ் கையிலிருந்த ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு வந்தது உயிரை எடுக்காத வகை. எல்லாருக்கும் அந்த வகைதான் வரும் என்று என்ன நிச்சயம்? வேறு வகைகள் உண்டு, ரத்தம் கட்டிப்போய் மூளைக்கு ஏறுகிற வகைகூட உண்டு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் தாயம்மாவிடம் சொன்னார். டீ, ஷூ, தண்ணி, குறுக்குவழி. தாயம்மா நிதானமாகக் கேட்டார்.

"அது ஒனக்கு. எனக்கு வர்றது வேற."

"இருக்கட்டும் அக்கா. ஒரு தரம் பாத்துடலாம். என் மனசு திருப்திக்கு."

டாக்டர் ஹிபா தாயம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கக் கழற்றாமல் இருக்கும்படி ஒரு சின்ன மிஷினை மார்பில் மாட்டிவிட்டார். அது வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. தாயம்மா அன்று வழக்கத்துக்கு இரண்டு பாட்டு கூடுதலாகப் பாடினார். பால்ராஜ் மட்டும் உடம்பைக் காரணம் சொல்லி உள்ளறையில் படுத்திருந்தார். முடிவைக் கேட்க அவர்தான் கூடப் போனார்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் டாக்டர். "பாடும்போது வேகம் ஏறுது. ஆனா சரியான வழியில போற வேகம். மெதுவா ஏறி மெதுவா இறங்குது. இது சந்தோஷத்துல வர்றது."

தாயம்மா பால்ராஜைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்க மாட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பால்ராஜ் தானே தன் நாற்காலியைத் தூக்கிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. யார் வேண்டுமானாலும் எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்லலாம் என்பது வழக்கம். தாயம்மாதான் முதலில் எழுந்தார்.

"எனக்கு நெஞ்சுல வர்றது என்னான்னு மிஷின் வச்சே பாத்துட்டாங்க. டாக்டரே சொல்லிட்டாங்க, எனக்கு வர்றது ஒரிஜினல். ஸ்தோத்திரம்."

கொரட்டூர் வரை கேட்டிருக்கும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சொல்லி முடித்தபிறகுதான் ஒரிஜினல் என்ற சொல் ஒவ்வொருவர் மண்டையிலும் இறங்கியது. ஒன்று ஒரிஜினல் என்றால் வேறு எது ஒரிஜினல் இல்லை? ஒவ்வொரு தலையாக வாசற்படிப் பக்கம் திரும்பியது. பாஸ்டர் ஜோஸும் திரும்பினார். தாயம்மாவுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது, சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

ஞானகுமாரி திரும்பவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்ராஜ் எழுந்தார். சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது, மெல்ல ஏறுகிற, மேனேஜர் கூப்பிட்டால் வருகிற அந்தப் பழைய அடி. வாயைத் திறந்தார். உதடு காய்ந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"த..." என்றார். "த... த..."

 பின்வரிசையில் புதிதாக வந்திருந்த ஓர் அம்மாள் கண்ணை மூடிக் கையை உயர்த்தத் தொடங்கினார். தாயம்மாவின் வாய்கூடப் பழக்கதோஷத்தில் பாதி திறந்தது.

ஞானகுமாரி எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். பானையிலிருந்து சொம்பில் மொள்ளும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இடது கையில் டம்ளரோடு வந்தாள், பழக்கமில்லாத கை என்பதால் வழியெல்லாம் சிந்தியது. செருப்புகளைத் தாண்டி வந்து புருஷனின் முன்னால் நின்று டம்ளரை நீட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அவர் தண்ணி கேக்குறாரு," என்றாள். "அன்னிக்கும் அதான் கேட்டாரு. எனக்குத்தான் புரியல."

பால்ராஜ் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடித்தார்.